பி.யூ.சி. போன பிறகு

1978க்கு முன்பு பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வேடசந்தூர், சாணார்பட்டிப் பக்கத்துப் பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் திண்டுக்கல் ஜி.டி.என். கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பில் சேருவான். பதினாறு வயதுதான் இருக்கும். அதுவரை தமிழில் படித்தவனுக்குப் பெரும்பாலான பாடங்கள் திடீரென்று இங்கிலீஷில். முதல் சில மாதம் ஒன்றும் பிடிபடாது. ஆனாலும் அந்த ஒரு வருஷம் பட்டப்படிப்புக் கணக்கில் சேராது. வந்திருப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தே வாத்தியார்கள் பாடம் நடத்தினார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு ஊர் 'பி.யூ.சி. ஃபெயில்' என்று ஒருவர் இருந்தாரே! பலரை வடிகட்டி வீட்டுக்கு அனுப்பியதும் அதே வருஷம்தான்.

1978இல் பிளஸ் டூ வந்து அந்த பி.யூ.சி. வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வும் வந்தது. மார்க் பந்தயம் சூடுபிடித்தது. திண்டுக்கல்லிலிருந்து கரூரைத் தாண்டினால் நாமக்கல். அங்கே பிள்ளையை ஹாஸ்டல் பள்ளியில் விடுவது பெற்றோருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பாணிப் பள்ளிகளில் பிளஸ் ஒன் போர்ஷனை ஓரம்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். மார்க் கொட்டியது. பிறகு முத்தனம்பட்டியிலோ ரெட்டியார்சத்திரத்திலோ இன்ஜினியரிங் சேர்ந்தால், எம்-1 என்ற முதல் கணக்குத் தாளில் காத்திருப்பது பிளஸ் ஒன்னில் தாண்டிவிட்டு வந்த வகைநுண்கணிதமும் முக்கோணவியலும்தான். பள்ளியில் சென்டம் வாங்கியவனும் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைப்பான்.

இந்தத் தாவலைத் தடுக்க 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் தலைச்சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுசாக நடக்கிறதா என்று இனி யார் பார்ப்பார்கள்?

இன்று கைகொடுக்க ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் படித்து எம்.வி.முத்தையா மகளிர் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன். பி.யூ.சி. காலத்து ஏழைப் பிள்ளை கனவிலும் காணாத உதவி இது. பணம் வந்துவிட்டது, அந்த ஒரு வருஷ அவகாசம்தான் திரும்பவில்லை. அதற்கு ஈடாக இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருப்பது மூன்று வாரத் தொடக்கப் பயிற்சி. விளையாட்டு, கலை, பெரிய மனிதர்களின் பேச்சு எல்லாம் போக அதில் கணக்குக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்? பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தையே முதல் செமஸ்டரில், மார்க் போடாமல், சாயங்காலக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் தினம் ஒரு மணி நேரம் நடத்தினால் போதும் என்பது என் கணிப்பு.