கருவி சொல்லும் முடிவை எவ்வளவு நம்பலாம்?

நீரிழிவினால் விழித்திரைக்கு நேரும் பாதிப்பைப் படம் பார்த்தே கண்டறியும் கூகுள் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுக் கருவி, 2016-இல் வெளியான ஆய்வின்படி, கண் மருத்துவர்களுக்கு நிகராகத் தேறியது. அதற்குப் பயிற்சியளித்த சுமார் 1,28,000 படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அடங்கும். ஆனால், தாய்லாந்தின் சுகாதார நிலையங்களில், தெளிவில்லை என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட படங்களை அது ஏற்க மறுத்ததாக 2020-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. அறை வெளிச்சமும் ஒரு காரணம். மங்கிய படத்திற்கும் துணிந்து விடை கூறுவதைவிட இது மேலானதே. எனினும், நோயாளிகள் வேறொரு நாள் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தது.

'90 விழுக்காடு துல்லியம்' என்னும் கணக்கும் ஆராயத்தக்கது. ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்கு நோயிருப்பதாகக் கொள்வோம். நோயுள்ளோரிலும் இல்லாதோரிலும் 90 விழுக்காட்டினரைக் கருவி சரியாக இனங்கண்டால், 45 பேரின் நோய் வெளிப்படும். நோயற்ற 950 பேரில் 95 பேரும் நோயாளிகளாகவே குறிக்கப்படுவர். மருத்துவமனைக்கு அனுப்பப்படும் 140 பேரில் உண்மையாக நோயுள்ளோர் மூன்றில் ஒரு பங்கினர்கூட இல்லை. விடுபட்ட ஐவரே பெருங்கவலைக்குரியோர்; 'நோயில்லை' என்பதை நம்பி அவர்கள் மீண்டும் வராதிருக்கலாம். ஆதலின், கருவி எத்தகைய மக்களிடம், எந்தக் கேமராவைக் கொண்டு சோதிக்கப்பட்டது என வினவுவதோடு, 'நோயில்லை' என்ற முடிவுகளிலும் ஒரு பகுதியை மருத்துவர் மீண்டும் பார்வையிட ஏற்பாடு வேண்டும்.