கட்டாத மண்டபம் படத்தில் மட்டும்! பழைய அச்சுப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

வாடிகன் புனித பேதுரு பேராலயச் சதுக்கத்தை 1660-களில் அச்சுப் படமாக்கினார் இத்தாலியரான ஜொவான்னி பத்திஸ்தா ஃபால்டா. பேராலயம், நடுவே எகிப்தியக் கல்தூண், இருபுறமும் வளைந்து செல்லும் தூண் மண்டபங்கள், குதிரை வண்டிகள், எறும்புபோல் மனிதர்கள். பார்ப்பவருக்கு அன்றைய ரோமில் நிற்பது போலவே இருக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். சதுக்கத்தின் வாசல் பக்கம் மூன்றாவதாக ஒரு மண்டபமும் படத்தில் இருக்கிறது. இன்று நேரில் போய்த் தேடினால் அது கிடைக்காது. இடித்துவிட்டார்களா என்றால், இல்லை. அதைக் கட்டவே இல்லை.

ஏன் அப்படி வரைந்தார்?

சதுக்கத்தை வடிவமைத்தவர் பெர்னினி. கட்டுமானம் 1657-ல் தொடங்கியது. மூன்றாவது மண்டபமும் அவர் திட்டத்தில் இருந்தது. வேலை நடக்கும்போதே, எல்லாம் முடிந்துவிட்டதுபோல் ஃபால்டா வரைந்துவிட்டார். 1667-ல் போப் ஏழாம் அலெக்சாண்டர் இறந்தார். அந்த மண்டபம் கைவிடப்பட்டது.

இத்தகைய படங்கள் ஒருவகை விளம்பரமும்கூட. 1665-ல் வெளியான ஃபால்டாவின் 'புதிய அரங்கம்' தொகுப்பு, அந்தப் போப்பின் ஆட்சியில் எழுந்த கட்டிடங்களைப் பெருமையாகக் காட்டியது.

எப்படி அச்சிட்டார்கள்?

செப்புத் தகட்டில் மெழுகு போன்ற பூச்சைப் பூசி, ஊசியால் கீறி வரைவார்கள். தகட்டை அமிலத்தில் வைத்தால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பள்ளத்தில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் ரெடி. ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுக்கலாம். அதனால் ரோமுக்கே போகாதவரும் இல்லாத மண்டபத்தைப் 'பார்த்தார்'.

வண்டியும் ஆட்களும் எதற்கு?

கட்டிடத்தின் அளவை உணர்த்தத்தான். ஆட்களைச் சற்றுச் சின்னதாக வரைந்தால் போதும், கட்டிடம் இன்னும் பிரமாண்டமாகத் தெரியும். இதுவும் அக்கால ஓவியர்களின் பழக்கம்.

அப்போ எல்லாமே பொய்யா?

அப்படியும் சொல்ல முடியாது. சதுக்கத்துக்கு எதிரே நெருக்கமாக இருந்த வீட்டு வரிசையை 1936 முதல் இடித்துத்தான் இன்றைய அகலச் சாலையைப் போட்டார்கள். 1676-ல் ஃபால்டா வெளியிட்ட ரோம் வரைபடத்தில் அந்த வீட்டு வரிசை இருக்கிறது. மறைந்துபோன தெருவுக்கு அது நல்ல சாட்சி.

ஆக, பழைய படம் ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு வரைந்தது? அப்போது கட்டிடம் முடிந்திருந்ததா? படத்தால் யாருக்குப் பெருமை? பதில் தெரிந்தபின் நம்பலாம்.