பாட்டை நிறுத்தியது யார்?

லினக்ஸ் கணினியில் விஎல்சி பிளேயர் பாடிக்கொண்டிருக்கிறது. மேசை மேலிருக்கும் செல்போனில் அழைப்பு வருகிறது. யாரும் மவுசைத் தொடவில்லை, பாட்டு நின்றுவிடுகிறது. நிறுத்தியது கேடிஇ கனெக்ட் என்ற மென்பொருள். போனில் மணி அடிக்கும் சேதி வைஃபை வழியே அதற்கு வந்தது. அது விஎல்சியிடம் சொன்னது.

எப்படிச் சொன்னது? ஒரு மென்பொருளின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்க முடியாதபடி இயங்குதளம் நடுவே சுவர் எழுப்பியிருக்கிறது. அந்தச் சுவரை இடிக்காமலே சேதியை மட்டும் கடத்தும் ஏற்பாடுதான் டி-பஸ்.

டி-பஸ் வருவதற்கு முன், மென்பொருள்கள் பேசிக்கொள்ள லினக்ஸின் கேடிஇ மேசைத்தளம் 2000இல் டிகாப் என்ற தன் சொந்த முறையைக் கொண்டுவந்தது. க்னோம் என்ற இன்னொரு மேசைத்தளமோ கோர்பா என்ற வேறொரு முறையை நம்பியிருந்தது. ஒரு தளத்தின் மென்பொருள் மற்றதன் மென்பொருளோடு பேசுவது பெரும்பாடாக இருந்தது. இரண்டுக்கும் பொதுவாக, ரெட் ஹேட் நிறுவனத்தின் ஹாவொக் பென்னிங்டனும் சகாக்களும் டி-பஸ்ஸைத் தொடங்கினார்கள். 2006இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. 2008இல் கேடிஇ 4 டிகாப்பைக் கைவிட்டு இதற்கு மாறியது.

பின்னணியில் ஓடும் ஒரு சிறு நிரல்தான் டி-பஸ்ஸின் தபால்காரர். தன்னோடு இணையும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் அது ஓர் எண் தருகிறது. மென்பொருள் தனக்கென நிலையான பெயரும் பதிந்துகொள்ளலாம். அனுப்பும் சேதியில் யாருக்கு, அவரிடமுள்ள எந்தப் பொருளுக்கு, என்ன கட்டளை என்ற விவரம் இருக்கும். பதிலும் அதே வழியில் திரும்பும். "பாட்டு மாறிவிட்டது" போன்ற பொது அறிவிப்புகள், கேட்டு வைத்தவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

ஆனால் பாதை மட்டும் போதாது. இரு பக்கமும் ஒரே சொல்லைப் பேச வேண்டும். அந்தச் சொற்களை வகுத்தது எம்பிரிஸ் என்ற பொது ஒப்பந்தம். ஓட்டு, நிறுத்து, அடுத்தது என்ற கட்டளைகளுக்கு எல்லா பிளேயர்களிலும் ஒரே பெயர். அதனால்தான் விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், ஸ்பாட்டிஃபை எதுவானாலும் கேடிஇ கனெக்ட்டுக்கு ஒன்றுதான். தனித்தனியாக அவற்றை அது படிக்க வேண்டியதில்லை.

இப்படித் திறந்த வழிக்குக் காவலும் தேவை. ஃப்ளாட்பேக் என்ற முறையில் நிறுவிய மென்பொருள்கள், அனுமதி பெற்ற பெயர்களோடு மட்டுமே பேச முடியும்.

கேடிஇ வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து கியூடிபஸ் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். இந்த நொடியில் உங்கள் கணினிக்குள் பேசக் காத்திருக்கும் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். பிளேயரைத் திறந்துவிட்டு மீண்டும் தட்டுங்கள். அதன் பெயரும் சேர்ந்திருக்கும்.