கதையின் கடைசிப் பக்கம்

பத்திரிகை வீட்டுக்குள் நுழைந்ததும் சிறுகதையின் கடைசிப் பாராவை முதலில் படித்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகத் தலைப்புக்குத் திரும்பும் அன்பர்கள் சிலர் உண்டு. ஆசிரியர் அரும்பாடுபட்டு ஒளித்து வைத்ததை இவர்கள் அரை நிமிஷத்தில் அம்பலப்படுத்திவிடுகிறார்களே என்று நாம் வெகு நாள் கோபித்துக்கொண்டதுண்டு. இப்போது அந்தக் கோபம் தணிந்துவிட்டது. முடிவு தெரிந்த மாத்திரத்தில் உயிர் போய்விடுகிற கதைக்கு முதலில்தான் எவ்வளவு உயிர் இருந்திருக்கும்?

பிரெஞ்சு ஆசிரியர் மாப்பஸான் 1884-ஆம் வருஷம் எழுதிய அட்டிகைக் கதையை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். ஒரு குமாஸ்தாவின் மனைவி ஒரே ஓர் இரவு விருந்துக்காகச் சிநேகிதியிடம் வைர அட்டிகையை இரவல் வாங்குகிறாள், தொலைத்துவிடுகிறாள். 36,000 பிராங்க் விலையில் அதே மாதிரி வேறொன்று வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்காகப் பட்ட கடனை அடைக்கப் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்து உருமாறிப் போகிறாள். கடைசியில் தெரிகிறது, இரவல் நகை அதிகமாய்ப் போனால் 500 பிராங்க் பெறும் போலி என்று.

அந்தக் கடைசி வரியால்தான் கதை புகழ் பெற்றது என்பார்கள். ஆனால் இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். பெட்டியில் பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்காரன், "பெட்டிதான் எங்களுடையது, நகையை நாங்கள் விற்கவில்லை" என்று நடுக்கதையிலேயே சொல்லிவிடுகிறான்! ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. புது நகையைச் சிநேகிதி பெட்டி திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும்போது, முதல் வாசிப்பில் 'அப்பாடா' என்றிருந்த நமக்கு, இப்போது 'திறந்து பாரேன், அம்மா!' என்று கத்தத் தோன்றுகிறது. நினைத்ததற்கு மாறாக நடப்பதை ஆங்கிலேயர் 'ஐரனி' என்பார்கள். அடுத்து என்ன என்று தவிப்பதை 'ஸஸ்பென்ஸ்' என்பார்கள். பெயர் இரண்டானாலும், இங்கே ஒன்றே மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது. நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை, அதனால்தான் தவிக்கிறோம்.

மறைக்காமலே மனத்தைக் கலக்குவதில் இன்னும் ஒரு படி மேலே போனவர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ். கப்பற்காரர்களைப் பற்றி வேடிக்கைக் கதைகள் எழுதிப் பேர் வாங்கிய ஆங்கிலேயர். 1902-இல் அவர் எழுதிய 'குரங்கின் பாதம்' மட்டும் வேடிக்கை அல்ல. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர், மூன்று வரம் கொடுக்கும் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றைக் காட்டுகிறார். விதியோடு விளையாடுகிறவன் துன்பப்படுவான் என்று காட்டவே ஒரு பக்கிரி அதற்கு மந்திரம் ஏற்றினாராம். முன்பு அதை வைத்திருந்தவன் மூன்றாவது வரமாகக் கேட்டது சாவை! ஆக, முடிவின் சாயல் ஆரம்பத்திலேயே நம் கையில் இருக்கிறது.

அந்த வீட்டுக் கிழவர் 200 பவுன் கேட்கிறார். மறுநாளே வருகிறது, ஆலை யந்திரத்தில் சிக்கி மாண்ட ஒரே மகனுக்கு நஷ்ட ஈடாக! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பதை இவ்வளவு கொடூரமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெற்ற மனம் கேட்குமா? மகன் உயிரோடு வரவேண்டும் என்று தாய் இரண்டாவது வரத்தைக் கேட்கச் செய்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். கிழவரோ மாடியறையில் தவழ்ந்தபடி இருட்டில் பாதத்தைத் தேடுகிறார். இறந்து பத்து நாளான உருவம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு அந்த நினைவே இல்லை. பிள்ளையைக் காணத் துடிக்கும் ஒரு தாயின் கைக்குத் தாழ்ப்பாள் அகப்படக் கூடாதே என்று, புத்தகத்தைப் பிடித்திருக்கும் நாம் பிரார்த்திக்கிறோம்! நம்மை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்த ஜேக்கப்ஸ் ஒரு பேயையும் கண்ணில் காட்டவில்லை. கிழவர் தம் மூன்றாவது வரத்தை என்ன வார்த்தைகளில் கேட்டார் என்பதைக்கூடச் சொல்லவில்லை.

கடைசிப் பாராவை முதலில் புரட்டும் அன்பர்களுக்கு இந்தக் கதையில் அகப்படுவது, ஆளரவமற்ற ஒரு சாலையும் எதிரே மினுக்கும் ஒரு தெரு விளக்கும்தான்.