ஆச்சி முறித்த நெட்டி

போன மாதம் ஹீத்ரோவில் அம்மாவை வழியனுப்பப் போயிருந்தோம். ஆறு மாத விசிட்டர் விசா முடிந்து திருநெல்வேலிக்குத் திரும்புகிறார். செக்யூரிட்டி வாசலுக்கு முன்னால் நின்று, என் எட்டு வயது மகளின் கன்னங்களை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. விரல் மூட்டுகள் வீங்கி, விரல் சரியாக மடங்கவே இல்லை. "வயசாயிட்டுல்லா" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது பிக்கடில்லி லைன் ரயிலில் மகள் ஒரு கேள்வி கேட்டாள். நமக்கெல்லாம் நெட்டி முறித்து முறித்துத்தான் ஆச்சியின் கை இப்படி ஆகிவிட்டதா? முழுக்க ஆங்கிலத்தில்தான் கேட்டாள். "ஆச்சி", "நெட்டி" இரண்டு சொல் மட்டும் தமிழ். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், பிழைப்பு ஐ.டி.யில். அன்று ராத்திரி உட்கார்ந்து தேடியபோது, கல்லூரியில் பம்ப் பாடத்தில் மனப்பாடம் செய்த 'கேவிடேஷன்' என்ற சொல் எதிரே வந்து நின்றது. அந்தக் கதையில் பாதி இந்த லண்டனிலேயே நடந்திருக்கிறது.

தண்ணீரைச் சூடாக்கினால் குமிழி வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். சூடாக்காமல் அழுத்தத்தை மட்டும் சட்டென்று குறைத்தாலும் குமிழி வரும். 1893-இல் சிஸ்விக்கில் தார்னிகிராஃப்ட் நிறுவனம் கட்டிய 'டேரிங்' என்ற போர்க்கப்பல், சோதனை ஓட்டத்தில் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. புரொப்பெல்லர் வேகமாகச் சுற்றியதில் இறக்கைகளின் பின்பக்கம் அழுத்தம் குறைந்து, தண்ணீரில் வெற்றிடங்கள் உண்டானதுதான் காரணம். அந்தக் குமிழி உடையும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்பதை 1917-இல் லார்டு ரேலி கணக்கிட்டார். இரும்பு, பித்தளையைக்கூட அரித்துவிடும் அளவு.

ரேலியின் கணக்கில் குமிழியைச் சுற்றி எல்லையில்லாத தண்ணீர் இருந்தது. நம் விரல் மூட்டு அப்படி இல்லை. இரண்டு எலும்பு முனை, நடுவில் மெல்லிய படலமாகக் கொஞ்சம் திரவம், சுற்றிலும் மூடிய உறை. விரலை இழுத்தாலோ மடக்கி அழுத்தினாலோ உள்ளே இடம் பெரிதாகிறது. ஆனால் அதை நிரப்ப வெளியிலிருந்து திரவம் வர வழியில்லை. அழுத்தம் விழுகிறது, கரைந்திருந்த வாயு குமிழியாகிறது. சோடா பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி.

இதை முதலில் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தவர்கள், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு அந்தக் கரையில் இருக்கும் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஸ்டனும் வீலர் ஹெயின்ஸும். 1947-இல் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் படம் எடுத்தார்கள். சத்தம் வந்த நொடியில் எலும்புகள் சட்டென்று விலகின, நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது. 1971-இல் லீட்ஸ் குழு ஒன்று, குமிழி உடைவதால்தான் சத்தம் என்றது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு எம்.ஆர்.ஐ. எடுத்து, சத்தத்துக்குப் பிறகும் குமிழி இருக்கிறதே, உருவாகும்போதுதான் சத்தம் என்றது. 2018-இல் வினீத் சந்திரன் சுஜாவும் அப்துல் பராகத்தும் சமன்பாடு போட்டு, குமிழி பாதி உடைந்தாலே அந்தச் சத்தம் வரும், மீதி உள்ளேயே இருக்கும் என்று காட்டினார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு விஷயத்தில் சண்டை இல்லை. ஒரு தடவை முறித்த விரல், சுமார் 20 நிமிடம் கழித்துத்தான் திரும்பச் சத்தம் போடும். வாயு மறுபடி கரைய வேண்டும். சின்ன வயதில் "இன்னொரு தடவை முறி ஆச்சி" என்று என் ஆச்சியிடம் கேட்பேன். இரண்டாம் தடவை சத்தமே வராது. "பாத்தியா, கண்ணு அம்புட்டும் போயிட்டு" என்பார். அந்த ஆதாரத்தை எங்கள் தெருவில் யாராலும் மறுக்க முடியவில்லை!

சரி, மகளின் கேள்விக்கு வருவோம். கலிபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டரை, நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று அவருடைய அம்மாவும் அத்தைமாரும் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவர் 50 வருடம் இடது கையில் மட்டும் தினமும் இரண்டு தடவையாவது முறித்தார். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை என்று 1998-இல் எழுதினார். 2009-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஆளின் கதை போதாது என்பவர்களுக்கு, 2011-இல் அமெரிக்காவில் 215 பேரின் கை எக்ஸ்ரேயை வைத்து ஓர் ஆய்வு வந்தது. முறிக்கும் பழக்கம் உள்ளவர்களில் 18.1 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 21.5 சதவீதம் பேருக்கும் மூட்டுத் தேய்மானம். பழக்கத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

மறுநாள் மகளிடம் சொன்னேன்: "நம்மால இல்லம்மா. ஆச்சியோட அம்மாவுக்கும் கை இப்படித்தான் இருந்துச்சு." அவள் முகம் தெளிந்தது. உடனே அடுத்த கேள்வி: அப்படியானால் திருஷ்டி என்பது உண்மையா?

இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம். "சும்மா மூடநம்பிக்கை" என்று சிலர் வாயை அடைத்துவிடுகிறோம். சிலர், முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானம், நெற்றிப் பொட்டில் நரம்பு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒப்பிக்கிறோம். இரண்டுமே குழந்தைக்குச் செய்கிற துரோகம். இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளியில் ஆதாரம் கேட்கப் பழகுகிறார்கள். நாம் ஒரு பொய்யைச் சொன்னால், அதோடு சேர்த்து ஆச்சியையும் தள்ளி வைத்துவிடுவார்கள்.

நான் சொன்ன பதில் இது. கண் பட்டதை அந்தக் குமிழி அறியாது. அது வெறும் வாயு. ஆனால் உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஆச்சி பயப்படுகிறார், அந்தப் பயத்தைக் கையால் சொல்கிறார். வலிக்கிற விரலை மடக்கியும் சொல்லப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எக்ஸ்ரே கதையை அம்மாவிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், புள்ள எளச்சிருக்காளே, சாப்பிடுதாளா?" என்றார். மகள் போனுக்கு முன்னால் வந்து நின்று, திரையில் தெரிந்த ஆச்சியின் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் விரலை மடக்கினாள். அவளுக்கும் சத்தம் வரவில்லை. "விடு தாயி, பெறவு பழகும்" என்றார் அம்மா.