மெல்லிய குரலுக்குக் கூடிய கூட்டம்

தம்பலகாமத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் சீனக்குடா, அதற்கடுத்தது திருகோணமலை. 1956 ஆகஸ்டில் அந்தத் துறைமுக நகரை நோக்கி வடக்கு கிழக்கின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே புறப்பட்டு வந்தார்கள். 'திருமலை யாத்திரை' என்று அதற்குப் பெயர். போகும் வழியெல்லாம் கூட்டம், பேச்சு, சோறு, மறுபடி நடை. ஆகஸ்ட் 19ஆம் தேதி இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மாநாடு அங்கே கூடியது.

இத்தனை பேரை நடக்கவைத்த தலைவர் ஒரு பேச்சாளரே அல்ல என்பதுதான் வியப்பு. சா. ஜே. வே. செல்வநாயகம் மென்மையாகப் பேசும் சிவில் வழக்கறிஞர். அடுக்குமொழி அவருக்கு வராது, கையை உயர்த்தி முழங்கவும் மாட்டார். பேச்சுக் கலை என்றால் அவருடைய பழைய தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சோல்பரி ஆணைக்குழுவின் முன் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையை மணிக்கணக்கில் வாதாடியவர் அவர். நீதிமன்றத்தில் சாட்சியைக் கேள்வியாலேயே கலங்கடிப்பவர். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அதே ஆண்டு பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் எதிரணியில் நின்றார். இன்று தோட்டத் தொழிலாளிக்கு நேர்வது, நாளை மொழிப் பிரச்சினை எழும்போது நமக்கும் நேரும் என்று நாடாளுமன்றத்திலேயே எச்சரித்தார். அலங்காரம் ஏதுமில்லாத பேச்சு. எட்டே ஆண்டில் அது பலித்தது.

1956 ஜூன் 5ஆம் தேதி, தனிச் சிங்கள மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த அன்று, காலிமுகத் திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் கூட்டம் புகுந்து அவர்களை அடித்தது. அடிபட்டவர்களில் ஒருவரான அ. அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு அவைக்குள் நுழைந்தார். அன்று அவர் பேசாமலே இருந்திருந்தாலும் அந்தக் கட்டு பேசியிருக்கும். திருகோணமலையில் மக்கள் கூடியபோது இந்த அடி விழுந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மாநாட்டில் நான்கு கோரிக்கைகள் வைக்கப்பட்டன: கூட்டாட்சி, தமிழுக்குச் சம உரிமை, மலையக மக்களுக்குக் குடியுரிமை, தமிழர் நிலங்களில் அரசு நடத்தும் குடியேற்றத்துக்கு முடிவு. தம்பலகாமத்து வயல்காரருக்குக் கடைசிக் கோரிக்கை மேடைப் பேச்சாகக் கேட்டிருக்காது. அவர் வயலுக்குத் தண்ணீர் வருவதே கந்தளாய்க் குளத்திலிருந்துதான். கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்கள் அவர் கண் முன்னே விரிந்துகொண்டிருந்தன. உரிமைப் பேச்சு எடுபடும் இடம் இதுதான் என்று தோன்றுகிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த வலியைப் பேசுபவர் ஊரறியச் சொல்லிவிடுகிறார். அதற்குப் பெரிய குரல் வேண்டியதில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு மேடை. 1955 டிசம்பர் 5ஆம் தேதி மாலை, மாண்ட்கோமரி நகரின் ஹோல்ட் தெரு தேவாலயத்தில் பேச வந்த மார்ட்டின் லூதர் கிங்குக்கு வயது 26. பேச்சைத் தயாரிக்கக் கிடைத்தது இருபது நிமிடம். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்ற ஆயிரக்கணக்கானோருக்காக ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பேருந்தில் நிறவெறிக்கு எதிரான புறக்கணிப்பை அந்தப் பேச்சு ஓராண்டுக்கு மேல் தாங்கி நின்றது. கிங்கின் குரல் தேவாலயத்தில் பழகியது. அவர் ஒரு வரி சொன்னால் சபை பதில் குரல் கொடுக்கும், அந்தப் பதிலில் ஏறித்தான் அடுத்த வரி வரும். 1963 ஆகஸ்ட் 28இல் வாஷிங்டனில் எழுதிவைத்த உரையைவிட்டு அவர் தம் கனவைப் பேசத் தொடங்கியதும் இப்படித்தான். பாடகி மஹாலியா ஜாக்சன் பின்னாலிருந்து, கனவைச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார்.

கிங், செல்வநாயகம் இருவரும் வழி கேட்டது காந்தியிடம். ஆனால் செல்வநாயகத்துக்குக் கிங்கின் குரல் இல்லை. அந்தக் குறையை மற்றவர்கள் நிரப்பினார்கள். மட்டக்களப்பில் 'சொல்லின் செல்வர்' செ. இராசதுரை, யாழ்ப்பாணத்தில் அமிர்தலிங்கம். அவர்கள் பேச்சில் கூட்டம் கொதிக்கும். பிறகு செல்வநாயகம் எழுந்து நாலு வார்த்தை சொல்வார். அந்த நாலு வார்த்தையைத்தான் மக்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

மாநாடு அரசுக்கு ஓராண்டு கெடு விதித்தது. 1957 ஆகஸ்ட் 20க்குள் தீர்வில்லையென்றால் அறவழி நேரடிப் போராட்டம். கெடு முடிவதற்கு முன்பே, ஜூலை 26ஆம் தேதி, பிரதமர் பண்டாரநாயக்க செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு முன் உட்கார்ந்ததும் அதைக் கைவிட்டார். பேச்சால் வாங்கியதைப் பேச்சால் மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

பின்னாளில் பார்க்கின்சன் நோய் செல்வநாயகத்தின் குரலையும் தின்றது. காதும் மந்தமாயிற்று. அவர் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர் கேட்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழரை இனிக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக இன்றும் ஊர்களில் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து முழக்கங்களில் எத்தனை இப்படி நினைவில் நிற்கின்றன?

1972 அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, அவர் காங்கேசன்துறைத் தொகுதியைத் துறந்து, முடிந்தால் தேர்தல் வையுங்கள் என்றார். அரசு இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தடித்து, 1975 பெப்ரவரி 6இல்தான் வைத்தது. குரலே எழாத அந்த முதியவருக்கு 25,927 வாக்குகள் விழுந்தன. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளருக்கு 9,457.

மறு ஆண்டு துண்டறிக்கை கொடுத்ததற்காக அமிர்தலிங்கமும் தோழர்களும் கொழும்பில் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவர்களுக்காக வாதாட எழுந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். எதிரிக் கட்சி நடத்தி, நீண்ட காலம் பிரிந்திருந்தவர். அரசுத் தரப்பை எதிர்த்த அந்த வழக்கறிஞர் வரிசையிலேயே செல்வநாயகமும் இருந்தார்.