கழுத்து வலிக்கு ஊசி: கணக்கு வைப்பது யார்?

கழுத்துவலி என்று பிசியோதெரபி கிளினிக்குக்குப் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி, "நீடில் போட்டுக்கறீங்களா?" என்பது. நாளெல்லாம் லேப்டாப் முன்னால் குனிந்து, தோள்பட்டை இறுகிப்போய் வந்தவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறார்கள். மாத்திரை வேண்டாம், பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும் என்றால் யார்தான் மறுப்பார்கள்?

பிசியோதெரபிஸ்ட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தோளைத் துடைக்கிறார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே திரண்டிருக்கும் தசையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் கொத்தாகப் பிடித்துத் தூக்குகிறார். பிளாஸ்டிக் குழாயின் மேல் எட்டிப் பார்க்கும் ஊசியின் தலையில் ஒரு சின்னத் தட்டு. ஊசியின் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். ரத்தம் எடுக்கிற ஊசியில் பாதிகூடக் கிடையாது. உள்ளே மருந்து எதுவும் போகாது. அதனால்தான் இதற்கு 'ட்ரை நீட்லிங்' என்று பெயர். ஊசி முனை தசைக்குள் இறுகிக் கிடக்கும் முடிச்சில் பட்டதும் தசை தானாகவே ஒருமுறை வெட்டித் துடிக்கும். இடம் சரி என்பதற்கு அதுவே அடையாளம்.

தசையைத் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நுரையீரலின் உச்சி காரை எலும்புக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. வரை ஏறி நிற்கிறது. ஒல்லியான உடம்பில் தோல், தசை இரண்டையும் தாண்டினால் அடுத்தது அதுதான். ஊசியோ 40, 50 மி.மீ. நீளம்கூட இருக்கும். கோணம் கொஞ்சம் தவறினால், ஆழம் கொஞ்சம் கூடினால், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அது சுருங்க ஆரம்பித்துவிடும். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதங்களே இருந்தபோது, பதின்வயது அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. விலாப்புற வலிக்காக ஊசி போட்டுக்கொண்டவருக்கு நுரையீரல் துளைபட்டது. அவர் தேறி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். ஆனால், சிகிச்சை வசதி அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள உலகத்தர வீரருக்கே இப்படி நடக்கும் என்பது அப்போது வெளியே தெரிந்தது.

அமெரிக்காவில் இந்த ஊசியைத் தொடும் உரிமை யாருக்கு என்ற வழக்கு பல மாநிலங்களில் நடந்து ஓய்ந்திருக்கிறது. 2014-ல் வாஷிங்டன் மாநில நீதிமன்றம் ஒன்று, இது பிசியோதெரபி எல்லைக்குள் வராது என்றது. 2018-ல் வட கரோலினா உச்ச நீதிமன்றம், வரும் என்றது. அந்நாட்டு மருத்துவர்களின் பெரிய சங்கம் 2016-லேயே, ஊசியைப் பழகிக் கையாளத் தெரிந்த மருத்துவர்களும் உரிமம் பெற்ற அக்குபங்சர் நிபுணர்களுமே இதைச் செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 'இது எங்கள் ஊசி, பெயர்தான் வேறு' என்பது அக்குபங்சர்காரர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், தொழில்களுக்குள் நடக்கும் இந்த எல்லைத் தகராறில், படுக்கையில் குப்புறப் படுத்திருக்கும் நோயாளியை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

விதிவிலக்காக ஃபுளோரிடாவைச் சொல்லலாம். 2020-ல் அங்கே வந்த சட்டம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு அனுமதி கொடுத்தது, கூடவே கடிவாளமும் போட்டது. இரண்டு ஆண்டு பணி அனுபவம், நேரில் அமர்ந்து கற்ற 50 மணி நேரப் பயிற்சி, மேற்பார்வையில் 25 முறை நோயாளிக்கு ஊசி போட்ட அனுபவம் ஆகியவற்றைக் கேட்கிறது. நோயாளியின் சம்மதம் கட்டாயம். உதவியாளரிடம் வேலையைத் தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: எத்தனை பேர் ஊசி போடுகிறார்கள், எத்தனை விபரீதம் நடந்தது என்ற கணக்கைச் சட்டமன்றத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது.

இந்தக் கணக்குதான் நம் ஊரில் காணாமல் போயிருக்கிறது.

2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம், பிசியோதெரபிஸ்டின் வேலையை விவரிக்கிறது: உடற்பயிற்சி, மூட்டுகளை அசைத்துக் கொடுத்தல், மின்சிகிச்சை, வெப்பச் சிகிச்சை. ஊசி என்ற சொல் அங்கே இல்லை. அக்குபங்சரை மத்திய அரசு 2019-ல் தனி சிகிச்சை முறையாக ஏற்றுக்கொண்டது. ட்ரை நீட்லிங் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு மாலை சான்றிதழோடு முடிந்துவிடுகிற பயிற்சி வகுப்புகள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன. நல்ல பயிற்சியாளர்கள் இல்லாமல் இல்லை. ஆனால், மூன்று நாளில் கழுத்து, முதுகு, இடுப்பு, கால் என்று வரிசையாகக் காட்டி முடிக்கிற வகுப்பில், நுரையீரலுக்கு மேலே இருக்கிற தசையில் ஒருவர் எத்தனை முறை கை பழகியிருக்க முடியும்?

பாதுகாப்பானது என்று சொல்கிறவர்கள் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். 2014-ல் வெளியான அயர்லாந்து ஆய்வில் 7,629 சிகிச்சைகளில் பெரிய விபரீதம் ஒன்றுகூட இல்லை. 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 20,494 அமர்வுகளுக்கு 20 பெரிய பாதிப்புகள், சராசரியாக ஆயிரத்துக்கு ஒன்று. மற்றவை ரத்தக்கட்டு, லேசான ரத்தக்கசிவு, குத்தும்போது வலி. எண்கள் ஆறுதல் தருகின்றன. இரண்டு ஆய்விலும் விபரீதத்தைக் குறித்துக்கொடுத்தவர்கள் ஊசி போட்டவர்களே என்பதைப் படிக்கும்போது அந்த ஆறுதல் குறைகிறது.

ஏனென்றால், நுரையீரல் துளைபட்டால் படுக்கையிலேயே தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். கிளினிக்கில், "ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பொதுவாக அது உண்மைதான். அதை நம்பித்தான், ராத்திரி நெஞ்சு ஓரமாகச் சுருக்கென்று குத்தும்போது, வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்கிறார் நம் ஆள். விடியற்காலையில் மூச்சு வாங்க ஆரம்பித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், முதலில் எடுப்பது ஈ.சி.ஜி. மாரடைப்பு இல்லை என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. முந்தின நாள் மாலை தோளில் ஊசி போட்டதை நோயாளி சொல்வதில்லை. அவர் மனசில் அது ஊசியே அல்ல, பிசியோதெரபி. டாக்டரும் கேட்பதில்லை. எக்ஸ்ரே எடுத்து, காற்றைக் குழாய் வைத்து வெளியேற்றிக் காப்பாற்றிவிட்டாலும், காரணம் என்ற இடத்தில் ஊசி ஏறுவதில்லை. கிளினிக்காரருக்கும் தகவல் போவதில்லை. மறுநாள் அதே கோணத்தில், அதே ஆழத்தில் இன்னொரு தோளில் ஊசி இறங்கும்.

கட்டுப்பாடு என்றால் இந்தச் சிகிச்சையே ஏழைகளுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. வலி மாத்திரை தின்று வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர்களுக்கு இந்த ஊசி சில வாரங்களாவது நிம்மதி தருகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், கேட்பது தடை அல்ல. கழுத்து, மார்பு, மேல்முதுகு ஆகிய பகுதிகளுக்கு மட்டுமாவது தனிப் பயிற்சியும் மேற்பார்வையும் கட்டாயமாக வேண்டும். நுரையீரல் என்ற வார்த்தை வெளிப்படையாக இடம்பெற்ற, தமிழில் அச்சான சம்மதப் படிவம் வேண்டும். 'மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி போட்டதைச் சொல்லி எக்ஸ்ரே கேளுங்கள்' என்று எழுதிய துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

2021 சட்டப்படி மாநிலந்தோறும் கவுன்சிலும் தொழில் செய்பவர்களின் பதிவேடும் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஊசி போடுகிறவர்கள் யார் யார் என்று ஒரு பத்தி சேர்ப்பதும், விபரீதம் நடந்தால் தெரிவிக்க ஒரு படிவம் வைப்பதும் பெரிய செலவு பிடிக்கிற காரியங்கள் இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத்திணறலோடு வருகிறவரிடம் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்கும்போதே, இந்த இரண்டு நாளில் உடம்பில் எங்காவது ஊசி குத்திக்கொண்டீர்களா என்பதையும் கேட்டு எழுதிவைக்கலாம்.